மீட்டரில் 128, கையில் நடுக்கம்

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு 24 வயது. சென்னையில் வேலை, சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். போன வருஷம் 160 சிசி வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அப்போதே 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊருக்குப் போகும்போது, மதுராந்தகம் தாண்டி ரோடு காலியாக இருந்ததால் முழுசாக முறுக்கிப் பார்த்தேன். டேங்க் மேல் படுத்துக்கொண்டேன். ஐந்தாவது கியரில் மீட்டர் 128 காட்டியது. ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) 8500 பக்கம் போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. ஒரு ஆம்னி பஸ்ஸைத் தாண்டிய அடுத்த நொடி ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன், ஆட்டம் இன்னும் அதிகமானது. எப்படியோ நின்றுவிட்டது. பின் சீட்டில் துணி, லேப்டாப் என்று பெரிய பை ஒன்று கட்டியிருந்தேன். ஹேண்டில் ஏன் ஆடியது? டாப் ஸ்பீடில் ஓட்டினால் இன்ஜின் கெட்டுப்போகுமா? பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் குறைத்து ஏர் ஃபில்டரையும் மாற்றினால் 140 தொடலாம் என்கிறான் நண்பன், உண்மையா? எல்லாம் சரிசெய்த பிறகு ஒரே ஒரு தடவை மறுபடி பார்க்கலாமா? டயரில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, பெயர் போட வேண்டாம்.

பதில்: பெயர் போடவில்லை, தம்பி. நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதிலில் பாதியை உங்களை அறியாமல் நீங்களே எழுதிவிட்டீர்கள். 31,000 ஓடிய பழைய வண்டி, பின் சீட்டில் பை, பஸ்ஸைத் தாண்டியது, முன் பிரேக்கைப் பிடித்தது, கடைசியாக அந்த ‘பட்டன் நன்றாகவே இருக்கிறது’. ஸ்பேனர் பிடித்துப் பழகியவனுக்கு இவ்வளவு போதும்.

முதலில் ஹேண்டில். மற்றதெல்லாம் பிறகு பேசலாம். இதைச் சரி பார்க்கும்வரை 60-க்கு மேல் போகாதீர்கள்.

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம், ஆஸ்பத்திரி டிராலியின் சின்னச் சக்கரம் மாதிரிதான் வேலை செய்கிறது. டிராலியைத் தள்ளினால் சக்கரம் தானாகத் திரும்பி நேர்கோட்டுக்கு வந்து நிற்கும் இல்லையா? வண்டியிலும் முன் சக்கரம் கொஞ்சம் விலகினால், ரோடே அதை இழுத்து நேராக்கிவிடும். வேகம் கூடக் கூட அந்த இழுப்பும் பலமாகிறது. பலமாக இழுக்கும்போது சக்கரம் நடுவில் வந்து நிற்காமல் அடுத்த பக்கம் தாண்டிப் போகும். அங்கிருந்து மறுபடி இழுப்பு, மறுபடி தாண்டல். நல்ல வண்டியில் இந்த ஆட்டத்தை டயரின் ரப்பரும், ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள குண்டு பேரிங்கான கோன்செட்டும், சேஸின் உறுதியும் சேர்ந்து ஒன்றிரண்டு அசைவிலேயே விழுங்கிவிடும். அதில் எங்காவது ‘லூஸ்’ இருந்தால் விழுங்க ஆள் இல்லை. ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். ஒரு நொடிக்கு ஏழெட்டு முறை அடிக்கும். உங்களுக்குப் படபடவென்று கேட்டது அதுதான்.

எங்கே லூஸ் என்று பார்க்க மெக்கானிக் கூட வேண்டாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். ஒருவரைப் பின் சீட்டை அழுத்தச் சொன்னால் முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். நீங்கள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க்கின் அடியையும் இரண்டு கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துத் தள்ளுங்கள். ‘டக்’ என்று ஒரு சின்னத் தட்டு கைக்குத் தெரிந்தால் கோன்செட் லூஸ். அடுத்து ஹேண்டிலை ஒரே விரலால், ரொம்ப மெதுவாக, இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குத் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேராக வரும் இடத்தில், ஏதோ பள்ளத்தில் விழுந்து ஏறுவதுபோல் ஒரு நொடி பிடித்து விடுகிறதா? அப்படியானால் டைட் செய்து பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும். நம் ஊர்க் குழிகளில் விழுந்து எழுந்த வண்டி பெரும்பாலும் நேராகத்தான் விழுந்திருக்கும். அதனால் உள்ளே இருக்கும் குண்டுகள் அந்த நேர் இடத்திலேயே கிண்ணத்தில் குழி பறித்து வைத்திருக்கும்.

அதே ஸ்டாண்டில் பின் சக்கரத்தையும் மேலே பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் லேசாக வளைந்த ரிம்மை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விற்றவருக்கே தெரிந்திருக்காது.

அடுத்து பை. பின் சீட்டில், அதுவும் பின்னால் பிடித்துக்கொள்ளும் கம்பியான கிராப் ரெயிலில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிய பை பின்பக்கத்தை அமுக்கி முன்பக்கத்தை இலேசாக்கும். காற்றும் நெஞ்சில் முட்டி முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கிறது. முன் டயர் ரோட்டை எவ்வளவு குறைவாக அழுத்துகிறதோ, அவ்வளவு சுலபமாக அது ஆட ஆரம்பிக்கும். லேப்டாப் இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் வண்டி அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். ஆனால் கோன்செட் இன்னொரு நாள் காட்டிக்கொடுத்திருக்கும்.

பஸ் விஷயமும் அப்படித்தான். பஸ்ஸின் மறைவில் போகும்வரை உங்களுக்குக் காற்று பாதிதான். அதன் முகப்பைத் தாண்டும்போது, பஸ் முன்னால் தள்ளிக்கொண்டு போகும் காற்று ஒரு பக்கம், திறந்த வெளியின் பக்கக்காற்று இன்னொரு பக்கம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கும். யாராக இருந்தாலும் அந்த நொடியில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பார்கள். காற்று உங்கள் தோளை ஆட்டியது, உங்கள் கை ஹேண்டிலை ஆட்டியது. தொடக்கம் அங்கே.

பிடிக்கக் கூடாததை நீங்கள் பிடித்தீர்கள் என்று திட்டமாட்டேன், எல்லோரும் பிடிப்பதுதான். ஆனால் முன் பிரேக்கைப் பிடித்தால் ஃபோர்க் அமுங்கி, முன் சக்கரத்தை நேராக்கும் அந்த இழுப்பே குறைந்துபோகும். எடை முழுவதும் ஒரே இடியாக, ஆடிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் மேல் போய் உட்காரும். அதனால்தான் ஆட்டம் அதிகமானது. செய்ய வேண்டியது இதுதான்: முழங்காலால் டேங்கைக் கெட்டியாகப் பிடியுங்கள், கையைத் தளர்த்துங்கள், உடம்பை முன்னால் சாய்த்து எடையை முன் சக்கரத்துக்குக் கொடுங்கள், ஆக்சிலேட்டரை ஒரேயடியாக விடாமல் மெல்லக் குறையுங்கள். தேவைப்பட்டால் பின் பிரேக்கை லேசாகத் தொடலாம். ஹேண்டிலை எதிர்த்துச் சண்டை போட்டால் நம் கையே இன்னொரு ஸ்பிரிங் ஆகிவிடும்.

பழைய ஆட்கள் சிலர் ‘ஆடினால் இன்னும் கொஞ்சம் முறுக்கு, முன்பக்கம் இலேசாகி நின்றுவிடும்’ என்பார்கள். அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள். சில வண்டியில் நிற்கும், சில வண்டியில் இன்னும் மோசமாகும். ஆனால் இந்த யோசனையைக் கேட்டதும் எனக்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரி ஞாபகம் வந்தது. முழுசாக முறுக்கி வைத்திருந்தீர்கள், முள் 8500-ல் நின்றுவிட்டது. இன்னும் முறுக்க உங்கள் கையில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. டாப் ஸ்பீடு என்றால் எனக்கு அதுதான் அர்த்தம், தம்பி. வண்டியின் எல்லாமும் செலவாகி, மிச்சம் எதுவும் இல்லாத இடம். உங்கள் மற்ற மூன்று கேள்விக்கும் நான் சொல்லப்போவது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

அந்த 128 நிஜமான 128 இல்லை. வண்டி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது பல நாடுகளும் ஒப்புக்கொண்ட விதி. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே வைக்கும். தேய்ந்த டயர் இன்னும் கொஞ்சம் கூட்டும். 60-ல் சீராகப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவரை போனில் ஜிபிஎஸ் வேகம் பார்க்கச் சொல்லுங்கள். 55, 56 என்று வரும். அன்றைக்கு நீங்கள் உண்மையில் போனது 118 பக்கம் இருக்கும் என்பது என் கணக்கு. நண்பர்களிடம் 128 என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எல்லோருடைய மீட்டரும் அதே பொய்யைத்தான் சொல்கிறது.

அந்த வேகத்தில் இன்ஜின் எதோடு மல்லுக்கட்டுகிறது? ரோடு, செயின், பேரிங் எல்லாம் சில்லறை. காற்றுதான் பெரிய ஆள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்கு. அதைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்கு. உங்கள் ரக வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து 60-ல் போக, சக்கரத்தில் சுமார் 3 குதிரைத்திறன் போதும். 120-ல் போக சுமார் 17 வேண்டும் (எட்டு மடங்கு ஏறுவது அந்த 3-ல் காற்றின் பங்கு மட்டும்). உங்கள் இன்ஜின் தருவது பதினைந்து, பதினாறு. செயினும் கியரும் தின்றது போக சக்கரத்துக்கு வருவது பதிமூன்று, பதினாலு. கணக்கு உதைக்கிறது இல்லையா? அதனால்தான் நீங்கள் டேங்க் மேல் படுத்தீர்கள். படுத்ததும் காற்றுக்கு முன்னால் நிற்கும் உடம்பு குறைந்து, தேவை பதினாலுக்குள் இறங்கியது. உங்களை 118-க்குக் கொண்டுபோனது பாதி இன்ஜின், பாதி உங்கள் முதுகு.

இதை எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர் ராலி ஃப்ரீ என்ற அமெரிக்கர். 1948 செப்டம்பரில் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புச் சமவெளியில், வின்சென்ட் என்ற பிரிட்டிஷ் வண்டியில் மணிக்கு 150 மைல் தொட முயன்றார். போட்டிருந்த தோல் உடை காற்றில் கிழிந்து படபடத்தது, கொஞ்சத்தில் தவறியது. உடையைக் கழற்றிப் போட்டார். நீச்சல் டிரவுசரோடு, காலைப் பின்னால் நீட்டி, வண்டி மேல் பல்லி மாதிரி குப்புறப் படுத்து ஓட்டினார். 150.313 மைல் வந்தது, நம் கணக்கில் சுமார் 242 கிலோமீட்டர். வண்டி அதே வண்டி, இன்ஜின் அதே இன்ஜின். சட்டையைக் கழற்றியதில் வந்த வேகம் அது. இதைப் படித்துவிட்டு யாரும் லுங்கியோடு சென்னை ஜிஎஸ்டி ரோட்டுக்குக் கிளம்ப வேண்டாம். அவர் படுத்த இடம் கண்ணுக்கெட்டியவரை உப்பு, குறுக்கே வர ஒரு ஆடு கிடையாது.

இப்போது உங்கள் நண்பரின் ஸ்பிராக்கெட். பின் ஸ்பிராக்கெட்டில் பல் குறைத்தால், அதே ஆர்பிஎம்முக்கு வண்டி அதிக தூரம் போகும். பேப்பரில் வேகம் கூடும். ஆனால் அந்த வேகத்தை இழுக்க இன்ஜினில் சக்தி இருக்க வேண்டுமே? டாப் கியரில் முள் சிவப்புக் கோட்டில் போய் முட்டி, ‘இன்னும் முடியும், கியர்தான் இல்லை’ என்று தவிக்கிற வண்டிக்குத்தான் இந்த வைத்தியம். உங்கள் முள் 8500-ல் நின்றுவிட்டது. உங்கள் ரக இன்ஜின் தன் முழுச் சக்தியைத் தருவதும் ஏறக்குறைய அங்கேதான். அதாவது கம்பெனி போட்ட பல் கணக்கு ரொம்பச் சரி. இரண்டு பல் குறைத்தால் முள் 8000 பக்கம் இறங்கி மூச்சு வாங்கும். டாப் ஸ்பீடு ஏறாது, இறங்கவும் இறங்கலாம். மேம்பாலம் ஏறும்போதெல்லாம் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும். ஏர் ஃபில்டர் சமாசாரம் இன்னும் மோசம். படுத்துக்கொண்டே 120-லிருந்து 130-க்குப் போக இன்னும் சுமார் மூன்றரை குதிரைத்திறன் வேண்டும். ஃபில்டர் மாற்றினால் வருவது, வந்தால், ஒன்று. கூடவே மண்ணும் வரும்.

நண்பரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது வயதில் நானும் இதே யோசனையை நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், காசும் வாங்கியிருக்கிறேன்.

இன்ஜின் கெடுமா என்று கேட்டீர்கள். எண்பதுகளின் கடைசியில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில், நான் ஒரு டீமுக்கு டூல்ஸ் பெட்டி தூக்கும் பையன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது, அதுதான் எங்கள் டிராக். ஒரு 100 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றி ஓட்டுவது. பயிற்சி ஓட்டத்தில் நேர்கோட்டை முழு வேகத்தில் முடித்துவிட்டு, வளைவுக்காக ஓட்டுநர் ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடினார். சத்தம் நின்றது. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு ரன்வேயில் கறுப்புக் கோடு இழுத்தது. அவர் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் மேலேயே வைத்திருப்பவர், அதனால் விழவில்லை. அன்று சாயங்காலம் பிளாக்கைக் கழற்றினோம். பிஸ்டன் பக்கவாட்டில் அலுமினியம் வெண்ணெய் மாதிரி உருகி இழுத்து, மேலிருந்து கீழாக நாலு பட்டை. ரிங் தன் காடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன், வரவில்லை.

அந்த வண்டியில் பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கும். இன்ஜின் மட்டும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். டாப் ஸ்பீடில் பிஸ்டன் ஜாம் ஆவது அந்தக் காலத்து பயம், அதை உங்கள் தலைமுறைக்கு யாரோ அப்படியே கடத்தியிருக்கிறார்கள். உங்களுடையது ஃபோர்-ஸ்ட்ரோக். ஆக்சிலேட்டர் மூடியிருந்தாலும் பம்ப் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சுற்று அளவு மீறினால், அதைத் தடுக்கும் ரெவ் லிமிட்டர் வேறு வெட்டிவிடும். சூடேறிய, ஆயில் சரியாக உள்ள இன்ஜின் இரண்டு மூன்று நிமிஷம் முழு வேகத்தில் ஓடியதால் கெட்டுப்போகாது.

‘ஆயில் சரியாக உள்ள’ என்பதை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். 8500-ல் உங்கள் பிஸ்டன் நொடிக்கு 140 தடவைக்கு மேல் மேலே போய்க் கீழே வருகிறது. காற்றால் குளிரும் இன்ஜினில் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருவதில் ஆயிலுக்குப் பெரிய பங்கு. 31,000 தாண்டிய இன்ஜின் அதிக ஆர்பிஎம்மில் கொஞ்சம் ஆயில் குடிக்கும். ஊருக்குப் போய் வந்த பிறகு அளவு பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள், சைட் ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்ப்பது கணக்கில்லை. செயினையும் பாருங்கள். முழு வேகத்தில் செயின் அறுந்தால் அது கீழே மட்டும் விழாது, இன்ஜின் கவரை உடைக்கலாம், சக்கரத்தில் சிக்கிப் பூட்டலாம். இன்ஜினைப் பற்றிக் கவலைப்படும் யாரும் செயினைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

டயரில் பட்டன் இருக்கிறது என்றீர்கள். பட்டன் இருப்பது வேறு, ரப்பர் உயிரோடு இருப்பது வேறு. டயரின் பக்கச் சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 1417 என்று இருந்தால் 2017-ம் வருஷம் 14-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால், பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் நான் அதை நம்பமாட்டேன். காடிகளுக்குள் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். சைஸ் எண்ணின் முடிவில் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும், அந்த டயர் தாங்கும் வேகம் அது. பி என்றால் 150, எஸ் என்றால் 180, எச் என்றால் 210. உங்கள் ரக வண்டிக்குப் பெரும்பாலும் பி வரும். 150 வரை தாங்கும் என்று சந்தோஷப்பட வேண்டாம். காற்று சரியாக, எடை அளவாக, டயர் பஞ்சர் ஒட்டாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு. காற்றை வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் மாற்றியாயிற்று, கோன்செட் புதுசு, டயர் புதுசு, பை இல்லை. ஒரே ஒரு தடவை?

ரோட்டில் வேண்டாம். நம் நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டிக்கு 80-க்கு மேல் அனுமதி இல்லை என்பது ஒரு பக்கம், அது உங்களுக்கே தெரியும், எழுதும்போது வசதியாக விட்டுவிட்டீர்கள். நான் சொல்வது மிச்சக் கணக்கு. 120-ல் ஒரு நொடிக்கு 33 மீட்டர் போகிறீர்கள். ஏதோ ஒன்று தெரிந்து, மூளை சொல்லி, விரல் பிரேக்கைத் தொட ஒரு நொடி. அதற்குப் பிறகு காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்தவருக்கு நிற்க இன்னும் 80 மீட்டர். 60-ல் இதே பிரேக்குக்கு 20 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர் இருக்கும், அதை வைத்துப் பாருங்கள். 60-ல் பிரேக் பிடித்தால் ஒரு பிட்ச். 120-ல் நாலு பிட்ச், பிடிக்கும் முன்பே ஓடிப்போன ஒன்றரை பிட்ச் தனி.

அந்த ஐந்தரை பிட்சுக்குள் என்ன வரும் என்று அந்த ரோட்டில் ஓட்டும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சிறுபாக்கம் பக்கம் விடியற்காலையில் மீடியன் இடைவெளியில் பால் கேனோடு ஒருவர் மொபெட்டில் எதிர்த்திசையில் வருவார். அவர் தினமும் அப்படித்தான் வருகிறார், அவருக்கு அது வழக்கம். நாய் பாதி ரோடு வந்து உங்களைப் பார்த்து நின்று யோசிக்கும். இருட்டு விலகாத நேரமாக இருந்தால் இன்னொன்று: லோ பீமில் தெளிவாகத் தெரிவது நாற்பது ஐம்பது மீட்டர்தான். நிற்க வேண்டிய தூரம் 110-க்கு மேல். வெளிச்சம் காட்டும் இடத்தைத் தாண்டித்தான் உங்களால் நிற்கவே முடியும். அதை ஓட்டுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

60-ல் போகும்போது உங்கள் கையில் பத்துக் குதிரை மிச்சம், பிரேக்கில் மிச்சம், டயரில் மிச்சம், ரோட்டில் இடம் மிச்சம். தப்பு நடந்தால் அந்த மிச்சத்திலிருந்து எடுத்துச் செலவு செய்வோம். 120-ல் உங்கள் வண்டியில் அப்படி எடுக்க ஒன்றும் இல்லை. 250 குதிரை ஓடும் வண்டி வைத்திருப்பவருக்கும் அவருடைய டாப் ஸ்பீடில் இதே நிலைதான். சுஸுகியின் ஹயபூசா 1999-ல் வந்து 300-ஐத் தாண்டிய பிறகு, ரோட்டுக்கு விற்கும் வண்டிக்கு 299 போதும் என்று கம்பெனிகளே தங்களுக்குள் பேசிக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கும் எங்கோ உறைத்திருக்க வேண்டும்.

ஆசை தப்பில்லை, அதற்கு இடம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக். கோவை செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீடுவே, 2.1 கிலோமீட்டர். பயிற்சி வகுப்புகள், டிராக் நாட்கள் அவ்வப்போது நடக்கும். முழு உடை, நல்ல ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். விழுந்தால் உருள வெற்று நிலம் இருக்கும், கொடி காட்ட ஆள் இருக்கும், ஆம்புலன்ஸ் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். பால் கேன் வராது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏமாற வேண்டாம். அங்கே போனால் முதல் மணி நேரத்திலேயே டாப் ஸ்பீடு அலுத்துவிடும். நேர்கோட்டில் முறுக்கிப் பிடிக்க யாருக்கும் தெரியும், அதில் செய்ய ஒன்றும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ரேஸ் ஓட்டுபவர்களோடு டீ குடித்திருக்கிறேன், ‘நேற்று எவ்வளவு தொட்டாய்’ என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கே பிரேக்கைப் பிடித்தாய், எங்கே விட்டாய், எந்த இடத்தில் மறுபடி முறுக்க ஆரம்பித்தாய், இதுதான் பேச்சு. உங்கள் 160-ஐ வைத்துக்கொண்டே பெரிய வண்டிக்காரரை வளைவில் தாண்டும் நாள் வந்தால், 128 எல்லாம் உங்களுக்கே சிரிப்பாக இருக்கும்.

அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் கோன்செட் செலவுக்குக் காசு கேட்கும் சாக்கில் பாதி சொல்வேன்.

மாற்றும்போது மெக்கானிக்கிடம் பழைய கிண்ணங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், குப்பையில் போட்டுவிடப் போகிறார். மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்து, நகத்தை உள்பக்கம் வட்டமாக ஓட்டிப் பாருங்கள். வரிசையாகக் குண்டு பதிந்த குழிகளில் நகம் தட்டித் தட்டிப் போகும். எத்தனை குழி என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.